ராக்கி ஜெயித்தானா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: 1976-இல் வந்த ‘ராக்கி’ குத்துச்சண்டைப் படத்தை ஒரு சாரார் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள். இன்னொரு சாரார் இழுவை என்கிறார்கள், சண்டை சுத்தப் பொய் என்கிறார்கள், ஆஸ்கரை வேறு படத்துக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்கிறார்கள், வெள்ளையர்களின் ஆசைக்கனவு என்றுகூடச் சொல்கிறார்கள். ஒரே படத்தைப் பார்த்துவிட்டு எப்படி இத்தனை விதமாகப் பேச முடிகிறது? உங்களுக்குப் படம் பிடிக்குமா, பிடிக்காதா?

பிடிக்கும். எந்தப் பக்கம் சாய்ந்து பேசுகிறேன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் நீங்கள் அடுக்கிய குறைகளில் பாதி நியாயமானவை. அவற்றை மறுத்துத்தான் படத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற அவசியம் எனக்கு இல்லை. எனக்குள்ள சந்தேகம் வேறு. ராக்கியைப் பற்றி மல்லுக்கட்டுகிறவர்களில் நிறையப் பேர் 1976-இல் வந்த அந்தப் படத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. கொண்டாடுகிறவர்களும் சரி, திட்டுகிறவர்களும் சரி, மனதில் வைத்திருப்பது பின்னால் வந்த பாகங்களும், ஒரு பாட்டும், ராக்கி ஓடியேறும் ஒரு படிக்கட்டும்தான்.

நானே அப்படித்தான் இருந்தேன். நான் முதலில் பார்த்தது நான்காம் பாகம். வாடகைக்கு எடுத்த கேசட், பக்கத்து வீட்டு டெக், கூடத்தில் பதினைந்து பேர். ரஷ்யாக்காரன் டிராகோ மலை மாதிரி நிற்பான், ராக்கி பனிக்குள் மரக்கட்டையைச் சுமந்துகொண்டு நடப்பான், கடைசியில் நாக்அவுட். விசில் பறந்தது. சில வருடம் கழித்து முதல் பாகம் கைக்குக் கிடைத்தபோது அதே சூட்டை எதிர்பார்த்து உட்கார்ந்தேன். திரையில் ஒருவன் இருட்டு அறையில் இரண்டு ஆமைகளுக்கு இரை போட்டுக்கொண்டு பேசிக்கொண்டிருந்தான். பாதியில் எழுந்து போய்விட்டேன். அன்று யாராவது கேட்டிருந்தால் ‘செம போர்’ என்று கூசாமல் சொல்லியிருப்பேன். முழுதாகப் பார்த்தது முப்பது வயதுக்கு மேல், வேலை இல்லாமல் வீட்டில் இருந்த ஒரு சமயத்தில். அப்போது அந்த ஆமைகள் வேறு மாதிரித் தெரிந்தன.

படத்தின் கணக்கைப் பாருங்கள். இரண்டு மணி நேரப் படம். உலக சாம்பியனோடு மோதும் வாய்ப்பு ராக்கியின் காதில் விழவே ஏறக்குறைய பாதிப் படம் ஓடிவிடும். எல்லாருக்கும் நினைவிருக்கும் அந்தப் பயிற்சிப் பாட்டு மொத்தமே மூன்று நிமிடம்தான் இருக்கும். நம் ஊர்ப் படங்களில் ஒரே பாட்டில் பால்காரர் கோடீஸ்வரர் ஆகிவிடுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு அந்த மூன்று நிமிடம்தான் படம் என்று பதிந்துபோவதில் ஆச்சரியம் இல்லை. கடைசிச் சண்டை கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அப்படியானால் மீதி நேரத்தில் என்னதான் நடக்கிறது?

பிலடெல்பியாவில் கென்சிங்டன் என்ற தொழிலாளர் பகுதி. 1975 நவம்பர். சுவரில் இயேசுவின் படம் தீட்டிய ஒரு பழைய கூடத்தில் இரண்டு பேர் அடித்துக்கொள்கிறார்கள். ஜெயித்தவன் ராக்கி பல்போவா. லாக்கர், குளியல், துண்டு, வரி என்று எல்லாம் பிடித்ததுபோக அவன் கைக்கு வருவது 40 டாலர் சொச்சம். பகலில் அவன் பார்க்கும் வேலை, துறைமுகப் பக்கத்துக் கந்துவட்டிக்காரன் ஒருவனுக்கு வசூல் செய்வது. கடன்காரனின் கட்டைவிரலை உடைத்துவிட்டு வா என்று அனுப்பினால் உடைக்காமல் திரும்பி வந்து திட்டு வாங்குகிறான். தெருமுனையில் சிகரெட்டும் கையுமாக நிற்கும் பன்னிரண்டு வயதுச் சிறுமியை வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விடுகிறான். வழி நெடுக ‘பேர் கெட்டுப்போகும்’ என்று அறிவுரை. வீட்டுப் படியேறியதும் அந்தப் பெண் அசிங்கமாகத் திட்டிவிட்டுக் கதவைச் சாத்துகிறாள். நடந்துபோகும்போது அவன் தனக்குள் முணுமுணுத்துக்கொள்வது, அறிவுரை சொல்ல நீ யாரடா என்று. இதெல்லாம் கதையை முன்னே தள்ளாத காட்சிகள். இழுவை என்று சொல்கிறவர்கள் இவற்றைத்தான் சொல்கிறார்கள். தப்பில்லை, குத்துச்சண்டைப் படம் என்று நினைத்து வந்தவனுக்கு இது இழுவைதான்.

எனக்கோ படமே இதுதான். ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். சாம்பியனோடு சண்டை என்று ஊருக்குத் தெரிந்தபிறகு ஜிம் வைத்திருக்கும் கிழவர் மிக்கி, ராக்கியின் அறைக்கு வருகிறார். இதே மிக்கிதான் கொஞ்ச நாளுக்கு முன்னால் ராக்கியின் லாக்கரைப் பிடுங்கி இன்னொருவனுக்குக் கொடுத்துவிட்டு, அவன் துணிமணியைப் பையில் அடைத்து ஆணியில் மாட்டியவர். இப்போது நான் மேனேஜராக இருக்கிறேன் என்று கேட்டு வந்திருக்கிறார். வயது 76. தன் இளமைக்காலத்துப் போட்டோவைக் காட்டுகிறார், தனக்கு மேனேஜர் இல்லாததால்தான் வாழ்க்கை போயிற்று என்கிறார். ராக்கி பிடிகொடுக்கவில்லை. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான். கிழவர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறிப் படியிறங்குகிறார். அவர் போய்விட்டார் என்று தெரிந்தபிறகுதான் இவனுக்கு வாய் திறக்கிறது. மூடிய கதவைப் பார்த்துக் கத்துகிறான்: பத்து வருடத்துக்கு முன்னால் எனக்கு உதவி தேவைப்பட்டபோது எங்கே போனீர், என் வீடு நாறுகிறது என்கிறீரா, ஆமாம் நாறுகிறதுதான். கீழே படிக்கட்டில் கிழவர் காதில் எல்லாம் விழுகிறது. நின்று கேட்டுவிட்டு மேலே நடக்கிறார். அப்புறம் கேமரா தெருவுக்கு வந்துவிடுகிறது. இரவு, மேலே ரயில் பாலம். கிழவர் தூரத்தில் தனியாகப் போய்க்கொண்டிருக்கிறார். ராக்கி ஓடிவந்து அவரைப் பிடிக்கிறான், தோளில் கை வைக்கிறான், என்னவோ சொல்கிறான். நமக்கு ஒரு வார்த்தை கேட்காது. கை குலுக்கிக்கொண்டு பிரிகிறார்கள்.

சமாதான வசனத்தை நமக்குக் கேட்காமல் விட்ட அந்த முடிவுக்காகவே ஜான் ஆவில்ட்சனுக்குச் சிறந்த இயக்குநர் ஆஸ்கர் கொடுத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். மிக்கியாக நடித்த பர்ஜெஸ் மெரிடித்துக்கும் இந்த ஒரு காட்சி போதும்.

சரி, சண்டைக்கு வருவோம். குத்துச்சண்டை தெரிந்தவர்கள் இந்தப் படத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், காரணம் இருக்கிறது. சாம்பியன் அப்போலோவும் ராக்கியும் முகத்தை மறைக்கவே மாட்டார்கள். விடுகிற குத்தெல்லாம் நேராகத் தாடையில் போய் இறங்கும். நிஜச் சண்டையில் பாதி நேரம் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து மூச்சு வாங்குவதிலும், இடது கையால் தொட்டுத் தொட்டுத் தூரம் பார்ப்பதிலும் போய்விடும். படத்தில் விழும் அடியில் பத்தில் ஒரு பங்கு விழுந்தாலே நடுவர் குறுக்கே வந்து நிறுத்திவிடுவார். கண்ணிமை வீங்கி மூடிக்கொண்டதும், பார்வை தெரிவதற்காக அதைக் கீறிவிடச் சொல்லுகிறான் ராக்கி. நிஜத்தில் அந்த இடத்தில் டாக்டர் வந்திருப்பார். 15 ரவுண்டா என்று இன்றைய பிள்ளைகள் கேட்கிறார்கள். அது மட்டும் உண்மை. அந்தக் காலத்தில் பட்டப் போட்டி 15 ரவுண்டுதான். 1982-இல் தென்கொரிய வீரர் கிம் டுக்-கூ அடிபட்டு இறந்தபிறகே படிப்படியாக 12 ஆனது.

ஆனால் இந்தச் சண்டைக்குப் பின்னால் ஒரு நிஜச் சண்டை இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால், படத்தை எழுதி ராக்கியாகவும் நடித்த ஸ்டாலோன் என்ன செய்தார் என்பது தெரியும். 1975 மார்ச் 24. ஓஹையோவில் முகமது அலிக்கும் சக் வெப்னருக்கும் உலகப் பட்டப் போட்டி. வெப்னர் பகலில் சாராயம் விற்கும் சேல்ஸ்மேன். எளிதில் முகம் கிழிந்து ரத்தம் கொட்டும் என்பதால் அதையே பட்டப்பெயராக்கி வைத்திருந்தார்கள். யாரும் அவரை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. 9-ஆவது ரவுண்டில் அலி கீழே விழுந்தார். என் காலை மிதித்துவிட்டான் என்று அலி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார், அது வேறு கதை. எழுந்த அலி பிறகு வெப்னரைப் பிழிந்தெடுத்துவிட்டார். 15-ஆவது ரவுண்டு முடிய 19 நொடி இருக்கும்போது நடுவர் சண்டையை நிறுத்தினார்.

இந்தச் சண்டையைப் பார்த்துவிட்டுத்தான் ஸ்டாலோன் திரைக்கதையை எழுத உட்கார்ந்தார். இப்போது படத்தில் ராக்கி கேட்பது என்ன என்று பாருங்கள். போட்டிக்கு முந்தின இரவு தனியாக அரங்கத்துக்குப் போகிறான். மேலே தொங்கும் பிரம்மாண்டமான படத்தில் தன் டிரவுசரின் நிறம் தப்பாக இருக்கிறது என்று ஏற்பாட்டாளரிடம் சொல்கிறான். அதனால் என்ன, பெரிதாக ஒன்றுமில்லையே என்கிறார் அவர். (உண்மையில் அது படக்குழு செய்த தவறு. வரைந்தது தப்பாகிவிட்டது, திருத்தப் பணமில்லை, அதையே வசனமாக்கிவிட்டார்கள். படத்திலேயே மிகவும் அவமானகரமான நொடி அப்படிப் பிறந்தது.) வீட்டுக்குத் திரும்பிக் காதலி ஏட்ரியன் பக்கத்தில் படுத்துக்கொண்டு, என்னால் அவனை ஜெயிக்க முடியாது என்கிறான். ஜெயிக்க வேண்டும் என்றுகூட இல்லை, 15 ரவுண்டும் தாக்குப்பிடித்துவிட்டால் போதும், கடைசி மணி அடிக்கும்போது காலில் நின்றுகொண்டிருந்தால், இந்தத் தெருவில் திரிகிற இன்னொரு உருப்படாதவன் இல்லை நான் என்று எனக்குத் தெரிந்துவிடும் என்கிறான்.

வெப்னருக்குக் கிடைக்காமல்போன அந்த 19 நொடியைத்தான் ஸ்டாலோன் ராக்கிக்குக் கொடுத்தார். பட்டத்தைக் கொடுக்கவில்லை. மூன்று நடுவர்களில் இருவர் அப்போலோ பக்கம். ராக்கி தோற்றுப்போகிறான். படம் பார்த்த நண்பர்களிடமே கேட்டுப்பாருங்கள், முதல் பாகத்தில் ராக்கி ஜெயிப்பான் என்று சத்தியம் செய்கிறவர்கள் கிடைப்பார்கள். ஜெயித்தது 1979-இல், இரண்டாம் பாகத்தில். ‘கடைசியில் ஹீரோ ஜெயிக்கும் வழக்கமான கதைதானே’ என்று இந்தப் படத்தை ஒதுக்குகிறவர்களுக்கு என்னிடம் வேறு பதில் இல்லை, திரும்பப் பாருங்கள் என்பதைத் தவிர.

குத்துச்சண்டையாகப் பொய்யான அந்தச் சண்டையில் 14-ஆவது ரவுண்டு மட்டும் எனக்கு எத்தனை முறை பார்த்தாலும் உறைக்கும். ராக்கி விழுகிறான். எழுந்திருக்காதே, கீழேயே கிட என்று கத்துகிறவர் அவனுடைய மிக்கியே. அப்போலோ கையிரண்டையும் உயர்த்தியபடி கூட்டத்துக்குக் காட்டிக்கொண்டிருக்கிறான். திரும்பிப் பார்த்தால் ராக்கி கயிற்றைப் பிடித்து எழுந்துகொண்டிருக்கிறான். அப்போலோவின் கை மெதுவாகக் கீழே இறங்குகிறது. அப்போலோவாக நடித்த கார்ல் வெதர்ஸ் அந்த இடத்தில் முகத்தில் காட்டும் சலிப்பும் பயமும் கலந்த ஒன்று, சாம்பியன் என்பவனும் கூலிக்கு உடம்பை விற்கிறவன்தான் என்று ஒரு கணம் தோன்றவைத்துவிடும். கால்பந்து ஆடிக்கொண்டிருந்து நடிக்க வந்தவர் அவர். அவருக்கு மட்டும் ஆஸ்கர் பரிந்துரை கிடைக்கவில்லை. ஸ்டாலோன், டாலியா ஷையர், மெரிடித், பர்ட் யங் நால்வருக்கும் கிடைத்தது.

இந்த இடத்தில்தான் உங்கள் பட்டியலில் கனமான குற்றச்சாட்டு வந்து நிற்கிறது. வெள்ளையர்களின் ஆசைக்கனவு என்பது. இதை ‘எல்லாவற்றிலும் அரசியலா’ என்று தட்டிக்கழிக்கிறவர்கள் வரலாறு தெரியாதவர்கள். 1908-இல் ஜாக் ஜான்சன் முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன் ஆனதிலிருந்தே, அவரை வீழ்த்த ஒரு வெள்ளைக்காரன் வரமாட்டானா என்று அமெரிக்கா வெளிப்படையாகவே தேடியது. 1960-இல் சுவீடன் நாட்டு ஜொஹான்சன் பட்டத்தை இழந்தபிறகு, ராக்கி படம் வந்த 1976 வரை ஒரு வெள்ளை ஹெவிவெயிட் சாம்பியன்கூட இல்லை. ராக்கியின் அறைச் சுவரில் ஒட்டியிருப்பது யாருடைய படம்? தோல்வியே காணாமல் 1956-இல் ஓய்வு பெற்ற இத்தாலிய வம்சாவளி வெள்ளைச் சாம்பியன் ராக்கி மார்சியானோ. அப்போலோவோ பேச்சிலும் நடையிலும் விளம்பர மோகத்திலும் அப்பட்டமாக அலி. 1979-இல் இரண்டாம் பாகத்தை விமர்சகர் ரோஜர் ஈபர்ட்டோடு உட்கார்ந்து பார்த்த அலியே இதைச் சொன்னார்: நான் ரிங்கில் அவ்வளவு உயரத்தில் இருந்ததால், என் உருவத்துக்கு எதிராகத் திரையில் ஒரு வெள்ளை உருவத்தை உண்டாக்க வேண்டியிருந்தது என்று. சிரித்துக்கொண்டே படத்தை ரசித்துப் பார்த்தவர்தான். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னார்.

இதைவிட எனக்கு உறுத்துவது ஜோ ஃப்ரேசியர் விஷயம். பிலடெல்பியாவில் வாழ்ந்த நிஜ உலக சாம்பியன், கறுப்பினத்தவர். கசாப்புக்கூடத்தில் வேலை பார்த்தவர். படத்தில் ராக்கி தொங்கும் மாட்டிறைச்சியைக் குத்திப் பயிற்சி எடுப்பது, அருங்காட்சியகப் படிகளில் ஓடுவது எல்லாம் தன் கதை என்று சொன்னவர். படத்தில் ஓரிரு நொடி வந்து கைகுலுக்கிவிட்டுப் போகிறார். அந்த ஊரில் ராக்கிக்கு, அதாவது பிறக்கவே பிறக்காத ஒருவனுக்கு, வெண்கலச் சிலை 1980-களிலேயே வந்துவிட்டது. ஃப்ரேசியர் 2011-இல் இறந்தார். அவருக்குச் சிலை வைத்தது 2015-இல். வெப்னரும் தன் கதைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று வழக்குப் போட்டு, பிறகு சமரசம் ஆனார். ஒரு வெள்ளைக்காரனின் தோல்வியையும் ஒரு கறுப்பினத்தவரின் உழைப்பையும் சேர்த்துப் பிசைந்துதான் ராக்கி உருவானான்.

இவ்வளவையும் ஒத்துக்கொண்டபிறகு படத்தில் இருக்கும் இன்னொன்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது. தெருமுனைச் சாராயக்கடையில் டிவியில் அப்போலோ பேசிக்கொண்டிருக்கிறான். கடைக்காரன் இனத்தைச் சொல்லிக் கோமாளி என்கிறான். ராக்கிக்குக் கோபம் வருகிறது. அவன் உலக சாம்பியன், கிடைத்த வாய்ப்பில் துணிந்து இறங்கிப் பட்டத்தைப் பிடித்தான், நீ எந்த வாய்ப்பில் இறங்கினாய் என்று கேட்டுவிட்டு எழுந்து போகிறான். அதோடு இந்தச் சண்டை வந்ததே எப்படி? அப்போலோவோடு மோத இருந்தவனின் கை உடைந்து, போட்டி ரத்தாகும் நிலையில், நாட்டு விடுதலையின் 200-ஆவது ஆண்டுக்கு ஏற்ற வியாபார யோசனை என்று அப்போலோதான் கண்டுபிடிக்கிறான். பெயர்ப் பட்டியலைப் புரட்டி, ராக்கியின் ‘இத்தாலியக் குதிரை’ என்ற பட்டப்பெயர் விளம்பரத்துக்கு நன்றாயிருக்கிறது என்று பொறுக்குகிறான். ஜார்ஜ் வாஷிங்டன் வேஷத்தில் படகில் ஏறி வருகிறவன், அமெரிக்கக் கனவைக் கூவி விற்கிறவன் அவன். வெள்ளைக்காரனின் ஆசையை வெள்ளைக்காரர்களிடமே நல்ல விலைக்கு விற்கும் கறுப்பின வியாபாரி. ஸ்டாலோன் இதைத் தெரிந்து எழுதினாரா, தானாக வந்து விழுந்ததா என்று நான் ஆராயவில்லை. படத்தில் இருக்கிறது. அடுத்தடுத்த பாகங்களில் இது நீர்த்துப்போனது, நான்காம் பாகத்தில் அப்போலோவை ரிங்கிலேயே கொன்றும்விட்டார்கள். அப்பாவோடு உட்கார்ந்து இந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்த கறுப்பின இயக்குநர் ரயன் கூக்லர் 2015-இல் அப்போலோவின் மகனை வைத்து ‘கிரீட்’ எடுத்தார். அந்த மகனும் கடைசிச் சண்டையில் ஒரு நடுவர் வித்தியாசத்தில் தோற்கிறான். இவ்வளவு நுணுக்கமான பதிலை எந்த விமர்சகரும் எழுதவில்லை என்பது என் எண்ணம்.

ஆஸ்கர் பஞ்சாயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அந்த வருடம் போட்டியில் இருந்தவை ‘டாக்ஸி டிரைவர்’, ‘நெட்வொர்க்’, ‘ஆல் தி பிரசிடெண்ட்ஸ் மென்’, ‘பவுண்ட் ஃபார் குளோரி’. பத்துப் பரிந்துரையில் ராக்கி மூன்றை வாங்கியது: படம், இயக்கம், படத்தொகுப்பு. ‘டாக்ஸி டிரைவர்’ இயக்குநர் ஸ்கார்செசியிடமிருந்து இயக்குநர் விருதைப் பறித்துவிட்டார்கள் என்று எழுதுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள், அந்த வருடம் அவர் பரிந்துரையிலேயே இல்லை. என்னைக் கேட்டால் சிறந்த படம் ‘டாக்ஸி டிரைவர்’தான். வாக்களித்தவர்களுக்கு வாட்டர்கேட் ஊழலும் வியட்நாம் போரும் முடிந்த களைப்பு, ஒரு நல்ல செய்தி வேண்டியிருந்தது, கொடுத்துவிட்டார்கள். பத்து லட்சம் டாலருக்குக் கொஞ்சம் குறைவான செலவில் எடுத்த படம் அமெரிக்காவில் மட்டும் 11 கோடி டாலருக்கு மேல் வசூலித்ததும் கண்ணை உறுத்தியிருக்கும். அன்றைய விமர்சகர்களும் ஒத்துப்போகவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஈபர்ட் நான்கு நட்சத்திரமும் கொடுத்தார். நியூயார்க் டைம்ஸில் வின்சென்ட் கேன்பி போட்டுக் கிழித்தார். ஆக, இப்போது நடக்கும் தகராறு ஒன்றும் புதிதில்லை.

படத்தைவிட ஸ்டாலோனின் கதைதான் சிலருக்கு எரிச்சல் மூட்டுகிறது என்றும் நினைக்கிறேன். மூன்றரை நாளில் எழுதினார், நான்தான் நடிப்பேன் என்று பெரும் பணத்தை மறுத்தார் என்று தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் மேடைக்கு மேடை சொல்லிச் சொல்லி அந்தக் கதையைச் சக்கையாக்கிவிட்டார்கள். மூன்றரை நாளில் எழுதியது முதல் வரைவு மட்டும். அதில் மிக்கி ஒரு இனவெறியர், கடைசியில் ராக்கி இந்த உலகமே வேண்டாம் என்று சண்டையை விட்டுக்கொடுத்துவிடுவான். இன்று நாம் பார்க்கும் மென்மையெல்லாம் திருத்தித் திருத்தி வந்தது. காசில்லாமையும் நிறைய எழுதிக்கொடுத்தது. பனிச்சறுக்குக் கூடத்துக் காட்சிக்கு நூற்றுக்கணக்கில் துணை நடிகர்கள் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். கட்டுப்படியாகவில்லை. அதனால் கூடம் மூடியிருக்கிறது என்று மாற்றி, காவலாளிக்குப் பணம் கொடுத்துப் பத்து நிமிடம் வாங்கி, ஏட்ரியன் தட்டுத்தடுமாறிச் சறுக்க, ராக்கி சாதாரண ஷூவில் பக்கத்தில் ஓட, காவலாளி நிமிடத்தைக் கூவிக்கொண்டே இருக்கிறார். கூட்டம் இருந்திருந்தால் அது ஒரு சாதாரணக் காதல் காட்சி.

அதற்கு அடுத்த காட்சிதான் எனக்குச் சிக்கல். போன வருடம் அக்கா மகள் வீட்டுக்கு வந்திருந்தபோது இந்தப் படத்தைப் போட்டேன். கல்லூரி இரண்டாம் ஆண்டு. ஏட்ரியனை ராக்கி தன் அறைக்கு அழைத்து வருகிறான். எனக்கு இங்கே சரியாக இல்லை, போகிறேன் என்று அவள் கதவை நோக்கி நகர்கிறாள். அவன் கையை ஊன்றி வழியை மறித்து நிற்கிறான், கண்ணாடியைக் கழற்றச் சொல்கிறான், தொப்பியைக் கழற்றச் சொல்கிறான். படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு அவள் கேட்டாள்: “மாமா, அந்தக்கா வீட்டுக்குப் போகணும்னுதானே சொல்றாங்க? இவன் ஏன் கதவை மறிக்கிறான்?”

இரண்டு பேருமே கூச்ச சுபாவம், அந்தக் காலம் அப்படி, அப்புறம் அவளே அவனை முத்தமிடுவாள் பார் என்று நான் எதையோ சொல்லிச் சமாளித்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் என் பதிலின் தரம் தெரிந்தது. டாலியா ஷையர் அந்தக் காட்சியில் உதடு நடுங்க நிற்பது அபாரமான நடிப்பு. அந்த நடிப்பு நன்றாக இருப்பதாலேயே அந்தப் பயமும் நிஜமாகத் தெரிகிறது. இந்த ஒரு காட்சிக்கு என்னிடம் வக்காலத்து இல்லை. படத்தைப் பிடிக்கவில்லை என்று ஒருவர் இதைக் காரணம் காட்டினால் நான் வாதாட மாட்டேன்.

அன்று அவள் எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. மிக்கி படியிறங்கும் இடத்தில் போனைக் கீழே வைத்தாள். சண்டை முடிந்தது. மணி அடிக்கிறது, ரிங்குக்குள் கூட்டம் ஏறுகிறது, பில் கான்டியின் இசை உச்சத்தில் ஏறுகிறது, ராக்கி கண் இரண்டும் மூடிக்கொண்ட நிலையில் ஏட்ரியன் ஏட்ரியன் என்று கத்துகிறான். அவள் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடி வருகிறாள். அண்ணன் பாலி கயிற்றைத் தூக்கிப் பிடித்து அவளை உள்ளே அனுப்புகிறான். கட்டிக்கொள்கிறார்கள், படம் அப்படியே உறைந்து நிற்கிறது.

“சரி, யார் ஜெயிச்சா?” என்று கேட்டாள்.

சொன்னார்களே, கேட்கவில்லையா என்றேன். பின்னால் ஓட்டி, சத்தத்தைக் கூட்டி, டிவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டோம். அறிவிப்பாளர் தீர்ப்பைப் படிப்பது ராக்கியின் கூச்சலுக்கு அடியில் எங்கேயோ ஒரு முனகல்போல ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது தடவை ஓட்டியபோது அப்போலோவின் பெயர் பிடிபட்டது. அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. இன்னும் கொஞ்சம் ஓட்டுங்கள் என்றாள். ஏட்ரியன் வந்து சேர்ந்ததும் ராக்கி முதலில் என்னவோ கேட்கிறான், அது என்ன என்று.

கூட்டத்தில் முண்டியடித்து வந்ததில் ஏட்ரியனின் சிவப்புத் தொப்பி எங்கேயோ விழுந்துவிட்டது. உன் தொப்பி எங்கே என்று கேட்கிறான். இத்தனை தடவை பார்த்தும் எனக்கு அது காதில் விழுந்ததில்லை.